வயிறு எரிகிற வயசு

போன மாதம் ஒரு துண்டுப் பிரசுரம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இருக்கும் பெண்களுக்கான கேப்ஸ்யூல் பற்றியது. உள்ளே இருப்பது மருந்தல்ல, உயிருள்ள பாக்டீரியா. ஒவ்வொன்றிலும் பல நூறு கோடி இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. நாட்டின் ஜனத்தொகையைக் காலையில் ஒரே வாயில் விழுங்கிவிடலாம். ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம். சாரம் என்னவோ மூன்று வரிதான். குடல் சீரானால் ஹார்மோன் சீராகும். ஹார்மோன் சீரானால் மனசு சீராகும். மனசு சீரானால் குடும்பம் சீராகும். பெண்ணுக்கு விற்கிற எந்தப் பொருளிலும் கடைசி வரியில் குடும்பம் வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம்தான்.

எனக்கு முதல் வரியிலேயே முட்டியது. ஆங்கிலக்காரர் ஒரே சொல்லில் இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், உள்ளுணர்வு எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார். தமிழில் 'குடல்' என்று எழுதினால் கசாப்புக் கடை நினைவுக்கு வருகிறது. யோசித்துப் பார்த்தால் நம்மிடம் இருக்கிற சொல் 'வயிறு'. அது அஜீரணத்துக்கு மட்டுமான சொல் அல்ல. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடுத்தவள் நன்றாக வாழ்ந்தால் வயிறு எரிகிறது. காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டான் என்று சேதி வந்தால் வயிற்றில் பால் வார்க்கிறது. சாவு வீட்டில் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுகிறோம். இங்கே பெங்களூரில் கன்னடத்துக்காரர்கள் பொறாமையை 'ஹொட்டெகிச்சு' என்கிறார்கள். நேர்ப் பொருள் வயிற்றுத் தீ. மனசு வயிற்றில் இருக்கிறது என்பதை எந்த ஆராய்ச்சிக்கும் காத்திராமல் இரண்டு மொழிகளும் எப்போதோ முடிவு செய்துவிட்டன.

ஆனால் பழக்கமொழி ஒன்று, மாத்திரை விற்பனை இன்னொன்று. அந்த மூன்று வரிகளில் எது உண்மை, எது பாதி உண்மை என்று தெரியாமல் தமிழாக்க மனம் வரவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பிரசுரம் வந்த அதே வாரம்தான் என் தோழி தன் பதினான்கு மாதப் படலத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.

அவளுக்கு 47 வயது. வங்கியில் வேலை. சாப்பிட்ட அரை மணியில் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒருமுறை மலம். இரவு மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு, மார்பு படபடப்பு, கழுத்தில் வியர்வை. ஒருநாள் கவுன்ட்டரில் கணக்கு நானூறு ரூபாய் இடித்ததற்கு வாடிக்கையாளர் முன்னால் அழுதுவிட்டாள். முதலில் வயிற்று டாக்டர். எண்டோஸ்கோபி பார்த்தார், ஒன்றுமில்லை, அமில மாத்திரை எழுதினார். படபடப்புக்கு இதய டாக்டர். இ.சி.ஜி., எக்கோ, ஒன்றுமில்லை. மூன்றாமவர் "டென்ஷன் குறைங்க" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். வீட்டில், "உனக்கு என்ன குறைச்சல்?" என்ற அந்தப் பழைய கேள்வி. நான்காவதாக, மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்திருந்த வயதான டாக்டரம்மா ஃபைலைத் திறக்காமலே, "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏழெட்டு மாசமா தாறுமாறா இருக்கு டாக்டர். நாலு மாசம் வரல, அப்புறம் பத்து நாள் விடாம போச்சு."

"இதை இதுக்கு முன்னால யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே."

மூன்று ஸ்பெஷலிஸ்டுகள், இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் டெஸ்ட். கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. "வயிறுன்னு போனா வயித்தை மட்டும் பாத்தாங்கடீ. நான் வயித்துக்கு மேலயும் கீழயும் இருக்கிறேன்னு யாருக்கும் தோணலை" என்றாள்.

வயிற்றுக்கும் இந்த ஹார்மோன்களுக்கும் தொடர்பு உண்டா என்றால், அதற்குப் பெண்களே சாட்சி. மாதவிடாய் வந்த முதல் நாள் இரண்டு மூன்று முறை வெளியே போகிறது என்பதும், கர்ப்ப காலத்தில் மலச்சிக்கல் என்பதும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி. புரோஜெஸ்டிரோன் குடலின் தசையைத் தளர்த்தி மெதுவாக்குகிறது. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் அமைப்புகள் குடலின் சுவரிலும் இருக்கின்றன. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்த ஹார்மோன்கள் படிப்படியாக இறங்குவதில்லை. ஏறி, விழுந்து, மறுபடி எகிறி, கரண்டு ஏற்ற இறக்கம் போல ஆட்டம் போடுகின்றன. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பரவாயில்லை. வோல்டேஜ் ஆடினால்தான் மோட்டார் எரிகிறது. குடல், தூக்கம், மனநிலை மூன்றும் இந்த ஆட்டத்தில் சேர்ந்தே குலுங்குகின்றன.

பிரசுரத்தின் முதல் வரி இதற்கு எதிர்த்திசையில் பேசுகிறது. குடல் போய் ஹார்மோனைச் சரிசெய்யும் என்கிறது. இதில் ஒரு சுவையான உண்மை இருக்கிறது. கருப்பை பக்கத்துச் சூலகங்களில் சுரந்த ஈஸ்ட்ரோஜன் வேலை முடிந்ததும் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதன் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி, 'செல்லாது' என்று முத்திரை குத்தி, பித்த நீரோடு குடலுக்குள் தள்ளுகிறது. வெளியே போகவேண்டிய சரக்கு. ஆனால் குடலில் சில பாக்டீரியாக்களிடம் பீட்டா குளுகுரோனிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது அந்த முத்திரையைக் கிழித்துவிடும். விடுபட்ட ஈஸ்ட்ரோஜனில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்குத் திரும்புகிறது. பழைய பேப்பர்காரர் எடைக்கு வாங்கிப்போன நோட்டுப் புத்தகத்தில் எழுதாத தாள்களைத் தைத்துத் திரும்ப விற்பது போல. ஆம்பிசிலின் கொடுக்கப்பட்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்கியதை டாக்டர்கள் 1970களிலேயே கவனித்தார்கள். பாக்டீரியா செத்தது, மறுசுழற்சி நின்றது. 2011இல் பிளாட்டல், பிளேசர் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த பாக்டீரியாக் கூட்டத்துக்கு 'ஈஸ்ட்ரோபோலோம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் சந்தை விழித்துக்கொண்டது.

சந்தை சொல்லாத விஷயம் ஒன்று. மறுசுழற்சிக்கு முதலில் சரக்கு வேண்டும். மாதவிடாய் நிற்பது என்றால் சூலகம் கடையை மூடுகிறது என்று பொருள். கொழுப்புத் திசுக்கள் கொஞ்சம் தயாரிக்கும், அவ்வளவுதான். பழைய பேப்பர்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மூடிய அச்சகத்தைத் திறக்க அவரால் ஆகாது. 2022இல் அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களின் குடல் பாக்டீரியாக்கள் வகை குறைந்து, ஆண்களுடையதைப் போல மாறியிருப்பதைக் கண்டது. ஹார்மோன் போனதால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியா மாறியதால் வேறேதும் நடந்ததா என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் சொல்ல முடியாது. எனக்கு முன்னதுதான் நியாயமாகப் படுகிறது. ஆக முதல் வரி பாதி உண்மை. அதுவும் தலைகீழான பாதி.

இரண்டாவது வரிக்குப் பிரசுரம் கொடுக்கும் ஆதாரம் செரடோனின். மனசின் அமைதியோடு சம்பந்தப்பட்ட இந்த ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் தயாராகிறது என்கிறது. உண்மை. ஆனால் அந்தச் செரடோனின் மூளைக்குப் போவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அதனால் தாண்ட முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரடோனினுக்கு வேலை குடலை அசைப்பது. ஆகவே வயிற்றில் செரடோனின் கூடினால் மனசு குளிரும் என்பது, கே.ஆர்.எஸ். அணை நிரம்பினால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் என்பது மாதிரி. நடுவில் எவ்வளவோ இருக்கிறது.

தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வேகஸ் என்ற நீண்ட நரம்பு குடலிலிருந்து மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புகிறது. மேலிருந்து கீழே வருவதைவிடக் கீழிருந்து மேலே போகும் சேதிகளே அதிகம். செரடோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபான் மட்டும் தடுப்பைத் தாண்டிப் போகிறது. அதில் எவ்வளவு எந்த வழியில் செலவாகும் என்பதில் குடலுக்கும் அதன் பாக்டீரியாக்களுக்கும் கை உண்டு. ஜப்பானில் 2004இல் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகள், கட்டிப்போட்டால் மற்ற எலிகளைவிட அதிகமாகப் பதறின. 2015இல் அமெரிக்காவில் எலைன் சியாவோ குழு, எந்தெந்த பாக்டீரியாக்கள் குடலைச் செரடோனின் தயாரிக்கத் தூண்டுகின்றன என்பதையும் எலிகளிலேயே காட்டியது. எலி, எலி, எல்லாமே எலி. ஆய்வுக்கூட எலிக்கு மாதவிடாயே கிடையாது. சூலகத்தை அறுத்தெடுத்துத்தான் அதை 'மாதவிடாய் நின்ற எலி' ஆக்குகிறார்கள். அதற்கு ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையும் கிடையாது, படுக்கையில் இருக்கும் மாமியாரும் கிடையாது.

மனிதப் பெண்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது வேறு. 2006இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், அதுவரை மனச்சோர்வு வந்தே இராத பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் மனச்சோர்வு வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரிந்தது. இரு மடங்கு என்றால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஒரு காலத்தில் மேலை மருத்துவத்தில் இந்த வயதுப் பெண்களுக்கென்றே ஒரு தனிப் பைத்தியத்தைப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. நீக்கியதும் ஊசல் மறுபக்கம் போய், 'எல்லாம் உங்கள் கற்பனை' என்று ஆகிவிட்டது. பைத்தியமும் இல்லாமல் கற்பனையும் இல்லாமல் நடுவே நிற்கும் பெண்ணுக்கு உட்கார நாற்காலி கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, இதெல்லாம் வெள்ளைக்காரிகளின் வியாதி என்று ஒரு வாதம் உண்டு. மார்ஷா ஃப்ளின்ட் என்ற மானிடவியல் அறிஞர் ராஜஸ்தானிலும் இமாசலத்திலும் ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்து 1975இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது தொடங்குகிறது. மாதவிடாய் நின்றதும் அவர்களுக்கு முக்காடு தளர்ந்தது, ஆண்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது, ஆகவே புகார் இல்லை என்றார் அவர். அழகான விளக்கம். தீட்டு என்று திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு அது நின்றது விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனால் புகார் இல்லை என்பதும் கேட்க ஆளில்லை என்பதும் ஒன்றல்ல. என் தோழிக்கும் பதினான்கு மாதம் 'புகார் இல்லை'.

தவிர, நம் பெண்களுக்கு இது சீக்கிரமே வந்துவிடுகிறது. மேல்நாடுகளில் சராசரி 51 வயது. இந்திய மெனோபாஸ் சங்கம் நாடெங்கும் எடுத்து 2016இல் வெளியிட்ட கணக்கில் நம்முடையது 46. பெங்களூர் நாகரபாவியில் உள்ள சமூக பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தின் சியாமளாவும் சிவகாமியும் 1998-99 தேசியக் குடும்பநல ஆய்வின் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்து, 2005இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முப்பதுகளிலேயே மாதவிடாய் நின்றுபோன பெண்கள் கணிசமாக இருப்பதை அது வெளியே கொண்டுவந்தது. ஏழைகள், படிக்காதவர்கள், உடல் வலுவற்றவர்கள் மத்தியில் அது அதிகம். இருபது ஆண்டு ஆகிறது. அவர்களுக்கான பிரசுரத்தை இன்னும் யாரும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாசகர்கள் பலர் அதற்குத்தான் காத்திருப்பீர்கள். ஜப்பானியப் பெண்களுக்கு உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கும் தொல்லை குறைவு என்று மார்கரெட் லாக் 1993இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அவர்கள் சொன்ன முக்கியப் புகார் தோள்பட்டை இறுக்கம். சோயாதான் காரணமோ என்று உலகமே சோயாவைத் தின்னத் தொடங்கியது. பிறகு தெரிந்தது, சோயாவில் உள்ள ஒரு பொருளைச் சில குடல் பாக்டீரியாக்கள் 'ஈக்வால்' என்ற, ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியா இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். ஜப்பானியர்களில் பாதிப் பேருக்கு மேல் உண்டு, மேல்நாட்டாரில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர்தான். வயிறும் ஹார்மோனும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஒரே சாப்பாடு இரண்டு பெண்களுக்கு ஒரே பலனைத் தராது என்பதற்கு விளக்கமும் இதில் இருக்கிறது.

நம் பக்கம் சோயாவை வடித்துப் பிழிந்து மீல்மேக்கர் உருண்டையாக்கிக் குருமாவில் போடுவதோடு சரி. ஆனால் கேழ்வரகு இருக்கிறது. கர்நாடகத்துக் கிராமங்களில் ராகி முத்தே இன்னும் தினசரி உணவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் இருப்பது அதில் சொற்பம். எலும்பு தேயும் வயதில் இது சாதாரண விஷயமில்லை. அதைவிட, அதன் நார் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று வெளிவிடும் அமிலங்கள்தான் குடல் சுவருக்குச் சாப்பாடு. மாத்திரையில் பாக்டீரியாவை அனுப்புவது புது ஆட்களைக் குடியேற்றுவது. நார் கொடுப்பது இருக்கும் குடித்தனக்காரர்களுக்குச் சோறு போடுவது. புது ஆட்கள் பெரும்பாலும் சில நாளில் காலி செய்துவிடுகிறார்கள்.

புளித்த உணவு நல்லது என்று இட்லியைக் கைகாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவு புளிக்கும்போது இருக்கும் பாக்டீரியா ஆவியில் வெந்ததும் செத்துவிடும். இட்லி லேசாக ஜீரணமாகும், வைட்டமின் கூடும், அதெல்லாம் சரி. உயிரோடு பாக்டீரியா வேண்டும் என்றால் மோர், தயிர், நீராகாரம், இங்கே புளிக்கவைத்துக் குடிக்கும் ராகி அம்பலி. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடல் அழற்சிக்காரர்களுக்குப் பழைய சோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வைச் சில ஆண்டுகள் முன்பு தொடங்கினார்கள். நல்ல காரியம். இதெல்லாம் வயிற்றை இலகுவாக்கும், வயிறு இலகுவானால் தூக்கம் கொஞ்சம் தேறும், தூக்கம் தேறினால் மறுநாள் மனிதர்கள் சகிக்கத்தக்கவர்களாகத் தெரிவார்கள். இதைத் தாண்டி, கம்பங்கூழ் குடித்தால் ஹார்மோன் ஊறும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கேழ்வரகு உபதேசம் தொண்டையில் சிக்குகிறது. பீன்யா பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் ஒரு பெண்ணோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர், 44 வயது. ஊரில் களி தின்று வளர்ந்தவர். இப்போது காலை ஐந்தரைக்குச் சோறு வடித்து, எட்டு மணிக்கு பஸ் பிடித்து, தண்ணீர் குடிக்காமல் மாலை வரை.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுங்க்கா. ரெண்டு தடவை எழுந்தா சூப்பர்வைசர் பாப்பான். லைன்ல பீஸ் தேங்கிடும். அதான் குடிக்கிறதில்ல."

"மலச்சிக்கல் இல்லையா?"

"அது இல்லாத பொம்பளை எங்க லைன்ல யாருக்கா இருக்கா? இப்ப ஒரு வருஷமா உடம்பெல்லாம் குப்குப்புனு எரியுது. அயர்ன் பாக்ஸ் பக்கத்துல நிக்கிறதால இருக்கும்னு நெனச்சேன்."

நாரைக் கூட்டுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மாலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று பிரசுரத்தின் ஏழாம் பக்கம் சொல்கிறது. நார் மட்டும் கூடித் தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல் மோசமாகவும் ஆகலாம் என்பதை அது சொல்லவில்லை.

இவரைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் வடக்கே கலபுரகி மாவட்டத்தில் இருக்கிறார்கள். பழைய குல்பர்கா. அங்கே லம்பாணித் தாண்டாக்களிலும் தலித் குடியிருப்புகளிலும் பெண்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளில் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது 2015 வாக்கில் வெளியே வந்தது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு என்று போனவர்கள். 'விட்டால் கேன்சர் ஆகும்' என்ற ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கிறது. விசாரணை நடந்தது, அந்தப் பெண்கள் பெங்களூர் வரை வந்து நீதி கேட்டார்கள். 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் விஷயத்தில் இதே கதை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்ப்பப்பை எடுக்கப்பட்ட இந்தியப் பெண்களுக்கு அது நடந்த நடுத்தர வயது 34. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தேவையில்லாத அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் அமலாக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால், மற்றவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளில் நடப்பது அவளுக்கு ஒரே இரவில் நடக்கிறது. சூடு, தூக்கமின்மை, மனச்சோர்வு, எலும்புத் தேய்வு எல்லாமே கடுமையாக. முப்பத்தைந்து வயதில். அந்த வயதில் சூலகம் போன பெண்ணுக்கு வேறு காரணத் தடையில்லாவிட்டால் ஹார்மோன் மாற்று கொடுக்கவேண்டும் என்பது மருத்துவ உலகில் இன்று சர்ச்சையில்லாத விஷயம். தாண்டாவில் அதை யார் சொன்னார்கள்? ஒரு பாட்டில் டானிக்கோடு அனுப்பி வைத்தார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஹார்மோன் மாற்று என்றதும் பலர் பதறுவதற்குக் காரணம் 2002. அமெரிக்காவில் 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியதால் அந்த ஜூலையில் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது பின்னால்தான் பேசப்பட்டது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்குக் கணக்கு வேறு என்பது இன்றைய நிலை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் பெட்டியில் போட்டிருந்த கடும் எச்சரிக்கைகளை அகற்றப்போவதாக அறிவித்தது. எல்லோருக்கும் பொருந்தும் என்றில்லை, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குக் கூடாது. டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். பேச அவகாசம் தரும் டாக்டர் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எல்லாவற்றையும் 'அந்த வயசு' என்று தள்ளிவிடுவதும் ஆபத்து. புதிதாக வந்து வாரக்கணக்கில் விடாத வயிற்று உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, இவை சூலகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனபின் மறுபடி ரத்தம், இவற்றுக்கு மோரும் ராகியும் வைத்தியமில்லை. தைராய்டு குறைந்தாலும் இதே மலச்சிக்கல், இதே சோர்வு வரும். என் தோழிக்கு அந்த டாக்டரம்மா முதலில் எழுதியது தைராய்டு டெஸ்டும் வயிற்று ஸ்கேனும்தான். இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் மற்றதைப் பேசினார்.

தமிழில் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும். கடைசிப் பருவத்துக்குப் பாட்டியல் நூல்கள் தரும் வயது எல்லை 40. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது நாற்பது என்பது வெகு தொலைவில் இருந்தது. அதற்குப் பின் பெயர் இல்லையே என்று கேட்கத் தோன்றவில்லை. உலாவில் தலைவன் பவனி வரும்போது நாற்பத்தொன்று வயதுக்காரி வீதிக்கு வருவதே இல்லை. கர்நாடக அரசு கொஞ்சம் தாராளம். 2025 அக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்து, வேலை பார்க்கும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு என்று கொண்டுவந்தது. டாக்டர் சர்டிபிகேட் தேவையில்லை. ஹோட்டல் அதிபர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள் என்பது தனிக்கதை. வயது 18 முதல் 52 வரை. நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு மாதம் வராமல் பிறகு பத்து நாள் போகிறவளுக்கும் மாதத்துக்கு ஒரு நாள்தான். இரவெல்லாம் வியர்த்து, மூன்று மணிக்கு விழித்து, வராத மாதவிடாயோடு காலையில் கவுன்ட்டருக்கு வந்து உட்காருபவளுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது என்று என் தோழி கேட்டாள். 'வயிற்றுக் கோளாறு' என்றே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவள் இப்போது தேவலை. தோலில் பூசிக்கொள்ளும் ஹார்மோன் ஜெல், அதோடு இன்னொரு மாத்திரை, இரவில் ஏழரைக்குள் சாப்பாடு, மதியம் ராகி. எதனால் தேறினாள் என்று அவளுக்கும் தெரியாது. "நாலாவது ஆள் ஒரு கேள்வி கேட்டாங்களே, அதுலயே பாதி சரியாப்போச்சு" என்கிறாள். பீன்யா பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்லி, என்ன கேட்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அரை நாள் சம்பளம் போகும் என்று இன்னும் போகவில்லை.

பிரசுரத்தை ஓரத்தில் ஆறு கேள்விகளோடு திருப்பி அனுப்பினேன். பதில் இல்லை, பணமும் இல்லை. போன வாரம் மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடையில் அதைத் தமிழில் பார்த்தேன். கன்னடப் பிரதியும் பக்கத்திலேயே. யாரோ வேகமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். 'உங்கள் குடலை நம்புங்கள்' என்று தலைப்பு. முப்பது கேப்ஸ்யூல் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டார்.